ஸ்டெப்புக்கு மார்க்

“அஞ்சு மார்க் கணக்குக்கு ஒரே ஒரு மார்க்கா? இது அநியாயமா இல்ல மேடம்?”

திருமுல்லைவாயில் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பறை. பெற்றோர் கூட்டம். தினகரன் விடைத்தாளை உயர்த்திப் பிடித்திருந்தார். ஆவடி தொழிற்சாலையில் அவர் ஃபோர்மேன். அங்கே கத்தினால்தான் வேலை நடக்கும். அந்தப் பழக்கம் இங்கேயும் கூட வந்துவிட்டது.

அரையாண்டுக் கணக்குத் தேர்வில் அவர் மகள் ரோஷினியும் இன்னொரு பெண்ணும் 91 வாங்கியிருந்தார்கள். மாவட்டக் கணிதப் போட்டிக்கு ஒருத்திதான் போகலாம். ஒரு மார்க் கூடினால் தன் பெண் போவாள். அதற்காகவே ஒரு வாரமாக போனில் இன்டக்ரேஷன் வீடியோவாகப் பார்த்துத் தீர்த்திருந்தார் மனுஷன்.

ஜமீலா மிஸ் பள்ளிக்குப் புதிது. எந்தப் பிள்ளையின் முகமும் இன்னும் பழகவில்லை. “விடைத்தாள் கட்டுல பாத்து நீங்களே எடுத்துக்குங்க” என்று சொல்லியிருந்தார். ரோஷினி என்ற பெயரும் 91 என்ற மார்க்கும் கண்ணில் பட்டதும் தினகரன் உருவிக்கொண்டார். வீட்டில் கோழிக்கிறுக்கலாக எழுதுகிற பெண் பரீட்சையில் இத்தனை அழகாக எழுதியிருக்கிறாளே என்று பெருமை வேறு.

பக்கத்து பெஞ்சில் அம்பத்தூர் டயர் கடைக்காரர் கோவிந்தன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தினகரன் அவர் பக்கம் திரும்பினார்.

“வாயில்லாம உக்காந்திருந்தா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது சார். பாத்துக் கத்துக்குங்க.”

“நமக்கு இன்னா சார் தெரியும்? நீங்க பேசுங்க.”

“அந்தக் கணக்குக்கு விடை ஒண்ணு சார். இவ மைனஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கா” என்றார் மிஸ்.

“அதுக்காக ஸ்டெப்புக்கு மார்க் கிடையாதா? பேப்பரை முழுசா பாருங்க!”

முழுசாகப் பார்த்தார். “இங்க x ஸ்கொயர் ஈக்வல் டு நாலு x. ரெண்டு பக்கமும் x-ஆல வகுத்து, விடை நாலுன்னு முடிச்சிட்டா. பூஜ்யமும் விடைதானே சார்? இதுக்கு முழு மார்க் போட்டது தப்பு.”

91 போய் 90 ஆனது.

“அப்ப கூட்டலும் தப்பாத்தான் இருக்கும். கூட்டிப் பாருங்க!”

கூட்டினார். தப்பாகத்தான் இருந்தது. 89.

“உட்டுருங்க சார், இன்னும் கொறஞ்சிடப் போவுது” என்றார் கோவிந்தன் பயந்துபோய்.

தினகரனுக்கு வியர்த்தது. மகள் முகத்தில் எப்படி விழிப்பது? வந்தது வரட்டும் என்று சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.

“xeˣ, பூஜ்யத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் இன்டக்ரேஷன். முதல் பகுதி e. எழுதியிருக்கா. கழிக்க வேண்டியது e மைனஸ் ஒண்ணு. அதையும் எழுதியிருக்கா. கழிக்கும்போது பிராக்கெட் போடல, அதான் பிளஸ் ஒண்ணு மைனஸ் ஒண்ணாயிடுச்சு. அந்த ஸ்டெப்புக்கு ஒரு மார்க் குறைங்க. மத்த நாலு மார்க் என்ன பாவம் பண்ணுச்சு?”

மிஸ் பலகையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “நியாயம்தான் சார். இன்னும் மூணு சேர்த்துடறேன்.”

92! பெற்றோர் எல்லாரும் கைதட்டினார்கள். பொறியியல் படிக்க முடியாமல் போன வருத்தமெல்லாம் தினகரனுக்கு அந்த நிமிஷமே தீர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

தாளின் முதல் பக்கத்தைப் பார்த்து மிஸ் சத்தமாக வாசித்தார். “கோ. ரோஷினி, தொண்ணூத்திரண்டு. போட்டிக்கு இவதான்.”

கோவிந்தன் எழுந்து ஓடிவந்து தினகரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“எம் பொண்ணு சார் அது! நான் வாயே தொறக்கல, அதுக்கே ஃபர்ஸ்ட் வாங்கிக் குட்த்துட்டீங்களே!”