ஹவில்தார் தணிகைவேல் வீடு திரும்பிய வரலாறு

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வரும் ஒரு வீரனைக் குடிமகனாக்கும் வல்லமை இப்பூவுலகில் தொண்டு ஒன்றுக்கே உண்டு. மருந்து பலிக்காது. ஓய்வு கூடவே கூடாது. மனைவி கையால் சூடாகச் சாப்பிடுவது ஆபத்தின் முதல் அறிகுறி. இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவர், திருப்பதியில் ஓர் ஓட்டலும் அதன் மாடியில் ‘முன்னாள் வீரர் மறுவாழ்வுத் தொண்டர் பேரவை’யும் நடத்திவரும் ஹேமநாத்.

புத்தூர் ஸ்வர்ணலதாவுக்கு இதெல்லாம் தெரியாது. பாவம், ஓய்வுபெற்ற புருஷன் வீட்டில் இருப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தாள். தணிகைவேல் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய மறுநாள் காலை, அவள் இரண்டாவது தோசையைத் திருப்பும்போது வாசலில் ஹேமநாத்தின் கார் நின்றது.

“தணிகைவேல் காரு, சும்மா இருக்கீங்களா?” என்று தெலுங்கு மரியாதையோடு கேட்டார் ஹேமநாத்.

“தோசை துன்னுகினு இருக்கேன் சார்.”

“அதைத்தான் சொல்றேன். சும்மா இருந்தா மனசு கெட்டுப்போயிடும். வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணிட்டாங்க. சேவா பண்ணுங்க, சமூகத்தோட கலந்துடுவீங்க.”

“மொதல்ல வீட்டோட கலக்கட்டுமே சார்” என்றாள் ஸ்வர்ணலதா, தோசைக் கரண்டியோடு.

ஹேமநாத் அவளைக் கனிவோடு பார்த்தார். “இப்படித்தாம்மா வீட்டுக்கு வீடு நோயை வளக்கறாங்க.”

யார் குரலை உயர்த்திப் பேசினாலும் ‘சரி சார்’ என்று சொல்லியே பழகிய தணிகைவேல், ‘சரி சார்’ என்றார். தட்டில் தோசை ஆறியது. சிகிச்சை தொடங்கியது.

பலமான சிகிச்சை. காலையில் பஸ் நிலையத்தில் நெரிசல் சீரமைப்பு. வெயில் ஏறியதும் சித்தூரில் ரத்ததான முகாமுக்கு நாற்காலி போடுதல். மாலையில் ஹேமநாத்தின் ஓட்டல் வாசலில் ‘வாகன நிறுத்த விழிப்புணர்வு’. அந்த வாசலில் அதுவரை சம்பளத்துக்கு நின்ற காவலாளி கங்கையா, விழிப்புணர்வு பரவிய மறுவாரமே வேலையிழந்தார். அவர் ராணுவத்தில் சேர்ந்ததில்லை என்பதால் அவருக்கு மறுவாழ்வு தேவைப்படவில்லை.

பலனும் கண்கூடாகத் தெரிந்தது. தணிகைவேல் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கினார்.

“பாத்தீங்களா, தூக்கம் நல்லா வருது!” என்று ஹேமநாத் தொலைபேசியில் பூரித்தார்.

ஸ்வர்ணலதா செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பங்குனி மாதத்தில் சில நாட்கள், நாகலாபுரம் கோயிலில் மாலை வெயில் நேராக உள்ளே வந்து பெருமாள் மேல் விழும். கல்யாணமானதிலிருந்து அதை அவள் நாத்தனாரோடுதான் பார்த்துவருகிறாள். ஒரே ஒரு முறை, புருஷன் பக்கத்தில் நிற்க, அதைப் பார்க்க வேண்டும்.

“இந்த வருசம் கண்டிப்பா, ஸ்வர்ணா. உன் பக்கத்துலயே நிப்பேன்” என்றார் தணிகைவேல்.

வாக்குத் தவறவில்லை. ஒரே பஸ்ஸில் போனார்கள். அவள் தலையில் மல்லிகை. அவர் தோளில் பேரவையின் ஆரஞ்சுப் பட்டை, கழுத்தில் விசில்.

“இன்னாங்க இது?”

“க்யூ டூட்டி. கேட்டு வாங்கினேன். ஹேமநாத் சார் சாமிக்குக் கிட்டவே போட்டுக்கீறாரு. நீ வந்தா பக்கத்துலதானே நிப்பே?”

வரிசை ஊர்ந்தது. அவள் உள்ளே போய்ச் சேர்ந்த நேரம், வெயில் வாசல்களையெல்லாம் தாண்டி வந்து பெருமாள் பாதத்தைப் பொன்னாக்கியது. ஸ்வர்ணலதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பினாள். சாமிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார் தணிகைவேல்.

“ஏங்க, திரும்பிப் பாருங்க, காலாண்ட...”

“ஜரகண்டி, ஜரகண்டி! நகரும்மா!”

“நான்தாங்க.”

“யாரா இருந்தா இன்னா? பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு!” தோளைத் தொட்டு நகர்த்தியும் விட்டார். கல்யாணமான பிறகு நாலு பேர் பார்க்க அவர் அவளைத் தொட்டது அதுவே முதல் தடவை.

கட்டிய மனைவிக்கும் சலுகை காட்டாத இந்த நடுநிலையைப் பேரவை உடனே கவனித்தது. ஓட்டல் மாடியில் பாராட்டு விழா. மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ‘வீடு திரும்பிய வீரர்’. விழா நாயகர் கீழே விருந்தினர்களின் கார்களை நிறுத்திக்கொண்டிருந்ததால், பொன்னாடையை அவர் சார்பில் ஸ்வர்ணலதாவுக்குப் போர்த்தினார்கள்.

ஹேமநாத் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். “அம்மா, சேவாவால உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு நல்லது நடந்திருக்கு! நாலு பேருக்குத் தெரியட்டும், சொல்லுங்க.”

கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

“சார், அவரை மறுபடியும் பட்டாளத்துலயே சேத்துக்குவாங்களான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

கூட்டம் சிரித்தது. வீரரின் மனைவியல்லவா, வீரம் பேசுகிறாள் என்று ஹேமநாத் கைதட்டினார்.

“இல்ல சார். அங்கன்னா வருசத்துல ரெண்டு மாசம் லீவு வுடுவாங்க. வீட்டுக்கு வந்துடுவாரு.”