அம்மா எடுத்த கரண்டி

சர்ச் சமையலறையிலிருந்து அம்மா எடுத்துக்கொண்டு வந்தது நூறு பேருக்குப் பரிமாறுகிற கரண்டி. கைப்பிடியே முழங்கை நீளம். கைப்பைக்குள் அடங்காமல் அது பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அந்தக் கோலத்திலேயே நாலு தெரு நடந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறாள். பார்த்த எதிர் வீட்டு டீச்சர், மகன் வேலை முடிந்து வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. அம்மாவுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்காங்க டீச்சர்.”

“இல்ல, சர்ச்சுக் கரண்டி ஒண்ணு அவங்க பையில பார்த்தேன். காலையில என்கிட்ட காய்ச்சல்னு சொன்னாங்க. அப்புறம் பார்த்தா ஜன்னல்கிட்ட உக்காந்து சீட்டு விளையாடறாங்க.”

மகன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக்கு நடுவில் நாலு பேர் மாட்டிக்கொண்டு கத்தினாலும் பதறாத ஆள். ஆனால் அறுபத்தொன்பது வயது வரைக்கும் ஒரு பொய்கூடச் சொல்லாத அம்மா இப்படித் திடீரென்று திருட ஆரம்பித்தால் எந்த ஸ்பானரை எடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கரண்டி சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது.

“என்னம்மா இது?”

“கரண்டி.”

“அது தெரியுது. யாரைக் கேட்டு எடுத்தே?”

“யாரையும் கேக்கல. கேட்டு எடுத்தா அதுக்குப் பேர் இரவல்.”

அப்பா போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. இரண்டாவது ஞாயிறிலிருந்து அம்மா சர்ச்சுக்குப் போகவில்லை. மகனுக்குக் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தான். அம்மா பக்தி உள்ளவள். அப்பாவோ சாகும்வரை சர்ச் படியில் கால் வைக்காதவர். அவள் படித்த வேதப் புத்தகப்படி அப்பா இப்போது எங்கே இருக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அதை நினைத்து நினைத்துத்தான் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது.

அப்பா ஒரு துணி ஆலையில் பாய்லர் பார்த்தவர். நம்பிக்கை இல்லாதவரே தவிர, மனைவியைத் தடுத்தவர் இல்லை. ஞாயிறுதோறும் அவளோடு சர்ச்சு வரைக்கும் நடந்து போவார். அவள் உள்ளே போவாள். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார். மழையென்றால் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து திரும்புவார்கள். நாற்பது வருஷமாக இதுதான் வழக்கம். “உள்ளே வாங்களேன்” என்று பாஸ்டர் கூப்பிட்டால், “செருப்புக்கு ஒரு ஆள் வேணாமா?” என்பார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் பாஸ்டர் அவரைப் பார்க்க வந்தார். “அண்ணே, இப்பவாவது ஒரு சின்ன ஜெபம். நரக நெருப்புக்குத் தப்பிக்கலாம்” என்றார்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் விடவில்லை. “பாஸ்டர், முப்பது வருஷம் நெருப்போட இருந்தவன் நான். அளவுக்கு மேல சூடேறினா தானாத் திறந்துக்கிற வால்வு இல்லேன்னா, எந்த இன்ஸ்பெக்டரும் பாய்லரைப் பாஸ் பண்ண மாட்டார். மனுஷன் செஞ்சதுக்கே அப்படி. அணையாத நெருப்புங்கறீங்களே, உங்க ஆளு அதுல ஒரு வால்வுகூடவா வைக்கல?”

பாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அம்மா அப்பாவின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்த அப்பாவுக்குப் பிறந்தவன்தானே மகன். முதலில் நியாயம் பேசிப் பார்த்தான்.

“சின்ன வயசுல நான் தட்டை உடைச்சா எவ்வளவு நேரம் திட்டுவே?”

“சாயங்காலம் வரைக்கும்.”

“அப்புறம்?”

“சோறு போடுவேன்.”

“உன்னைவிடவாம்மா கடவுள் மோசமா இருப்பார்? எழுபத்தோரு வருஷம் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷனை, நம்பலைங்கிற ஒரே காரணத்துக்காக முடிவே இல்லாம எரிப்பாரா? நரகம்னு ஒண்ணு இல்லவே இல்லம்மா. சும்மா பயமுறுத்தறதுக்குச் சொன்னது.”

அம்மாவின் முகம் தெளியும் என்று காத்திருந்தான். அது வெளுத்துப்போனது.

“அப்படி ஒரு இடமே இல்லேன்னா, அப்பா எங்கே இருக்கார்?”

எங்கேயும் இல்லை என்பதுதான் அவனுடைய பதில். அதை அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவின் கண்ணாடி இன்னும் அலமாரிமேல்தான் இருந்தது. அதை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தான். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

சரி, அவள் நம்புகிற ஆளே வந்து சொல்லட்டும் என்று பாஸ்டரை அழைத்து வந்தான். கதவைத் தட்டினார்கள்.

“வீட்டுல யாரும் இல்ல” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

மருமகள்தான் வந்து கதவைத் திறந்தாள். பாஸ்டர் உட்கார்ந்து, வார்த்தைகளைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார். “கடவுளோட இரக்கம் பெரிசும்மா. அண்ணன் விஷயத்துல அவர் என்ன நினைச்சிருக்கார்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“நிச்சயமாத் தெரியாதா?”

“யாருக்கும் தெரியாதும்மா.”

“இருபது வருஷமா மேடையில நேர்ல பார்த்துட்டு வந்த மாதிரி சொன்னீங்களே.”

பாஸ்டர் காபியை ஒரே மடக்கில் குடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மகனின் காதருகே, “கரண்டி மட்டும் திரும்பக் கிடைச்சா நல்லது தம்பி. ஞாயித்துக்கிழமை ரொம்பச் சிரமமாப் போச்சு” என்றார்.

அதற்குப் பிறகு அம்மா இன்னும் மோசமானாள். டீச்சர் வீட்டுத் தொட்டியிலிருந்து ரோஜாவைப் பறித்தாள். பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

“உங்கம்மா தனியா விளையாடற சீட்டுலயே கள்ளாட்டம் ஆடறாங்க. யாரை ஜெயிக்கப் பாக்கறாங்கன்னு எனக்குப் புரியல” என்றாள் மருமகள்.

“பயம்டி. அப்பா அங்க எரிஞ்சுக்கிட்டிருக்கார்ங்கிற பயம். அது அவளைப் போட்டு ஆட்டுது.”

“அந்தப் பயத்தை எடுத்துடுங்களேன்.”

எடுத்துவிட்டான். மறுநாள் காலை, சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் எதிரே போய் உட்கார்ந்தான்.

“அம்மா, ஒண்ணு சொல்லல உன்கிட்ட. அப்பா கடைசியா ஜெபம் பண்ணினார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு. மன்னிப்புக் கேட்டார்.”

அம்மாவின் கை சீட்டோடு நின்றது. “நர்ஸ் பக்கத்துலயே இருந்தாளே?”

“இல்லம்மா. அப்போ மருந்து எடுக்கப் போயிருந்தாங்க.”

“ஓ. அப்போ அவளுக்குத் தெரியாது.”

“தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“உங்கப்பாவா? நிசமாவா?”

“சத்தியமா.”

அம்மா சீட்டுக்கட்டை மேசையில் வைத்தாள். ஒரு சீட்டு கீழே விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. சந்தோஷத்தில் கவனிக்கவில்லை என்று மகன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் கரண்டி புளிபோட்டு விளக்கின பளபளப்போடு சர்ச்சுக்குத் திரும்பிப் போயிற்று. அம்மா டீச்சரிடம் போய் ரோஜாவுக்கு மன்னிப்புக் கேட்டாள். பஸ் நிறுத்தத்துக்குப் போய், தான் இடித்த பெண்மணி வருகிறாளா என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். தினமும் இரண்டு வேளை சர்ச்சு. பாஸ்டரே போன் செய்து நன்றி சொன்னார்.

மகனுக்கு ஒரு வாரம் நிம்மதி. அடுத்த வாரம்தான் அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் உபவாசம் இருந்தாள். முழங்கால் போட்டுப் போட்டு முட்டி வீங்கியிருந்தது. சர்ச்சு விட்டு வெளியே வரும்போது கேட்டுப் பக்கம் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே வேகமாக நடந்து வந்தாள்.

“என்னம்மா ஆச்சு உனக்கு? இப்போ நல்ல சேதிதானே சொன்னேன்?”

“எனக்கு நேரம் இருக்குமாடா?”

“எதுக்கு?”

“எல்லாத்தையும் சரி பண்றதுக்கு” என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழுததில்லை.

சொன்ன பொய்யை அம்மா நம்பவில்லை, அதுதான் இந்தப் பாடு என்று முடிவு செய்தான் மகன். ஒரு சாட்சி இருந்தால் நம்புவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், அப்பாவைப் பார்த்துக்கொண்ட அந்த நர்ஸைத் தேடிப் பிடித்தான். மாத்திரைத் தட்டோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்தாள்.

“சிஸ்டர், ஒரு உதவி. எங்கம்மாகிட்ட ஒரே ஒரு பொய் சொல்லணும்.”

“என்ன பொய்?”

“அப்பா ஜெபம் பண்ணினதைக் கதவுக்கிட்டேயிருந்து நீங்களும் கேட்டீங்கன்னு. நான் சொன்னேன், அவங்க நம்பல போலிருக்கு. அவர் நரகத்துல இருக்கார்னு நினைச்சே உருகிப் போறாங்க.”

நர்ஸ் தட்டைப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

“அவர் சொர்க்கத்துக்குப் போயிட்டார்னு அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லி ரெண்டு வாரமாச்சு.”

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க” என்றாள் நர்ஸ். “அப்பா போன மறுவாரமே அம்மா என்னைத் தேடி வந்தாங்க, கடைசி வரைக்கும் அவர் ஜெபம் பண்ணலைன்னு நான் உள்ளதைச் சொன்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘நாற்பது வருஷமா எனக்காக வெளியில நின்ன மனுஷன், அங்கேயும் கேட்டுப் பக்கம் நின்னு என்னைத்தான் பார்த்துக்கிட்டிருப்பார், அவர் போன இடத்துக்கே நானும் போறதுக்கு என்னென்ன பாவம் பண்ணணுமோ இன்னையிலேர்ந்து பண்ண ஆரம்பிக்கிறேன்’னு சொல்லிட்டுப் போனாங்களே.”