மேலதிகமாக ஒரு கொச்சி

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் குடும்பத்துக்கு விளைந்த நன்மைகளை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மானம் போன கதை உடனே ஞாபகம் வருகிறது.

அக்காவுக்குக் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. கடை திறப்பது எட்டு மணிக்கு. மாத்தளையிலிருந்து போகும் காலைக் கோச்சியோ (ரயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சிங்களவர்களும் அப்படித்தான்) எட்டரைக்கு முன் கண்டியைக் கண்டதில்லை.

"இந்த மாசத்தோட நின்னுக்கன்னு மொதலாளி சொல்லிட்டாருடா," என்றாள் அக்கா.

அந்தச் சமயம் பார்த்து, ரயில் சேவையை மேம்படுத்த யோசனை கேட்டு ஓர் அதிகாரி ஸ்டேஷனுக்கு வருவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். விடுவேனா? மூன்று நாள் உட்கார்ந்து சிங்களத்தில் மனு எழுதினேன். (அந்த நாளில் தமிழில் எழுதியிருந்தால், பதில் வருவதற்குள் அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கும்.)

சிங்களம் நன்றாகத் தெரிந்த பலசரக்குக் கடை கமால் நானா, "குடுக்க முந்தி ஒருக்கா காட்டுங்க தம்பி," என்றார்.

"தேவயில்ல நானா. படிச்சவன்தானே நான்," என்றேன்.

கூட்டத்தில் அதிகாரி என் மனுவை எடுத்து உரக்க வாசித்தார்: "மாத்தளை மக்களுக்கு இப்போதுள்ள கொச்சி போதாது. காலையில் மேலதிகமாக ஒன்று வேண்டும். இருக்கும் கொச்சியும் மிகப் பழையது. பெண்கள் அதில் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார்கள். மழை பெய்தால் கொச்சிக்குள் ஒழுகுகிறது."

சிங்களத்தில் நெடிலுக்கு எழுத்தின் உச்சியில் ஒரு சின்னச் சுழி உண்டு. அதை அழகுக்குப் போடுகிறார்கள் என்று நினைத்து, மனு முழுக்க விட்டிருந்தேன். சுழி இருந்தால் கோச்சி, ரயில். இல்லாவிட்டால் கொச்சி, விரல்நுனி அளவு மிளகாய்.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு கொச்சிக்குள் எத்தனை பேர் உட்காரலாம் மகனே?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. எழுந்து நின்று, "உட்கார எங்கே ஐயா இடம்? எல்லோரும் தொங்கிக்கொண்டுதான் போகிறோம்," என்றேன்.

சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்ற பேதமில்லாமல் சிரித்தார்கள். அந்த வருடங்களில் மாத்தளை முழுவதும் ஒன்றுபட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "சுழி போடல்லியே தம்பி," என்று கமால் நானா காதில் சொன்னபோதுதான் விளங்கியது. அக்காவின் வேலையையே தொலைத்துவிட்டேனே என்று திரும்பினால், அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை.

கோச்சி நேரம் மாறவில்லை. ஆனால் கதை மறுநாளே அதே கோச்சியில் ஏறிக் கண்டிக்குப் போய்விட்டது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"கொச்சியில ஏற முடியலன்னு எழுதினது ஒன் தம்பியாம்மா?"

"ஆமாங்க மொதலாளி. எங்க வூட்ல அவந்தான் படிச்சவன்."

வயிற்றைப் பிடித்துச் சிரித்துவிட்டு, "சரி, எட்டரைக்கே வா. சாயந்தரம் அர மணி கூட நின்னுட்டுப் போ," என்றாராம். அந்தக் கடையில் அக்கா இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள்.

போன மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கொச்சி மாமா' என்று சேர்த்திருந்தாள். அச்சகத்துக்காரர் சந்தேகப்பட்டு, "இது நெடில்தானேக்கா?" என்று கேட்டாராம்.

"இல்லங்க தம்பி, குறில்தான். அவன் கைப்பட எழுதினது," என்றாளாம் அக்கா.