முதலியார்பேட்டைக்கு வந்த படகு

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் எடுத்துக்கொள்ளாததால், புதுச்சேரியில் நாங்கள் சிலர் எடுத்துக்கொண்டோம். ‘நம்பிக்கைப் பசுமைக் கதைஞர் பேரவை’ என்று பெயர். ஞாயிறுதோறும் கடற்கரைப் பக்கம் ஒரு காபிக் கடையில் கூடுவோம். விதி ஒன்றுதான்: கதையில் கடல் ஊருக்குள் வரலாம், வெயிலில் தார் உருகலாம், ஆனால் கடைசிப் பத்தியில் எல்லோரும் சிரிக்க வேண்டும். நல்ல கதைக்குக் கை தட்ட மாட்டோம், ஒலி மாசு. விரல் சொடுக்குவோம்.

முதலியார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் மேனகா ஒரு கதையோடு வந்தாள். தெரு வாய்க்காலில் அடைப்பு. மழை பெய்தால் கடைக்குள் தண்ணீர். மெஷின் மோட்டார் ஒருமுறை புகைந்தேவிட்டது. அடுத்த மழைக்குள் யாராவது அடைப்பை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

தலைவர் எழிலரசன் வருத்தத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். “இது கதை இல்லம்மா, புகார்” என்றார். தண்ணீர் இருந்துவிட்டுப் போகட்டும், ஜனங்கள் அதோடு சந்தோஷமாக வாழட்டும் என்று வழி காட்டினார்.

மேனகா கெட்டிக்காரி. மறுவாரமே, 2050-இல் அவள் தெருவில் படகு ஓடியது. படகிலேயே கல்யாண ஊர்வலம், படகிலேயே காய்கறி. சொடுக்கிச் சொடுக்கி எங்களுக்கு விரல் வலித்தது. கதையை எதிர்கால நலத் துறைக்கு அனுப்பினோம். அதைப் படித்தாவது அடைப்பை எடுக்க மாட்டார்களா என்று அவளுக்கு ஓர் ஆசை.

மேற்படி கதை பரிசீலிக்கப்பட்டு, கொள்கையளவில் ஏற்கப்பட்டு, ஐப்பசி மழையில் தெருவுக்கு ஒரு ஃபைபர் படகு வந்து இறங்கியது. அதிகாரி கோபிநாத் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, எதிர்காலத்தை இருபத்தைந்து ஆண்டு முன்னதாகவே வழங்கிவிட்டதாகப் பேசினார்.

“சார், அந்த அடைப்ப எடுத்துட்டா போதும் சார்” என்றாள் மேனகா.

“அடைப்ப எடுத்தா தண்ணி போயிடும்மா. அப்புறம் போட்டை எதுல ஓட்டுறது? கவர்மெண்ட் சொத்து தரைதட்டுனா யாரு பதில் சொல்றது?”

“அது கதைக்காக எழுதுனது சார்.”

“எழுதுன நீங்களே நம்பலன்னா எப்படி?” என்றார் அவர். நிஜமாகவே மனம் புண்பட்டுப் போனார்.

படகோட்ட மேனகாவின் புருஷன் இளம்பரிதியையே நிரந்தரமில்லாத வவுச்சர் ஊழியராகப் போட்டார்கள். மழை விட்டதும் தண்ணீர் வற்ற வற்ற லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். குடிதண்ணீருக்குத்தான் அந்தத் தெருவுக்கு லாரி வராது. சனி ஞாயிறுகளில் வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று படகேறினார்கள். எதிர்வீட்டு வசந்தா மாடிப்படியில் பஜ்ஜி போட்டாள். தங்களுக்கு மட்டும் ஏன் தண்ணீர் தேங்கவில்லை என்று பக்கத்துத் தெரு சாலை மறியல் செய்தது. பேரவைக் கூட்டத்தைப் படகுக்கு மாற்றினோம். மேனகாவின் மெஷின் மேசைமேல் ஏறியது. தைக்க வேண்டுமானால் அவளும் ஏற வேண்டும்.

ஒருநாள் சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கடப்பாரையோடு வாய்க்காலில் இறங்கினாள். அடைத்துக்கொண்டிருந்தது இறுகிப்போன ஒரு சிமெண்ட் மூட்டை. இழுத்துப் போட்டாள். விடிவதற்குள் தெரு பழையபடி தெருவாகிவிட்டது.

செய்தி கேட்டு நாங்களும் ஓடினோம். படகு நடுத்தெருவில் சாய்ந்து கிடந்தது. வசந்தா அடுப்பே பற்றவைக்கவில்லை. ஒருவரும் மேனகாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இளம்பரிதி மட்டும் அந்த மூட்டையைத் தனியாளாக வாய்க்கால் பக்கம் உருட்டிக்கொண்டிருந்தான்.

“இன்னா மேனகா, இப்டி பண்ணிட்ட? இன்னும் ரெண்டு மழை தாண்டுனா நிரந்தரம் பண்ணிடுறேன்னு ஆபீசர் சொல்லியிருக்காரு” என்றான்.

புதுச்சேரியில் இதைவிட நம்பிக்கையான கதையை எங்களில் யாரும் எழுதியதில்லை. மேனகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். கனமாக இருந்ததால் பேரவையும் ஒரு கை கொடுத்தது.