குறையாத ஏரி

உலகில் எத்தனையோ ஏரிகள் வற்றிப் போயிருக்கின்றன. எங்கள் ஏரி வற்றியதே இல்லை. ஏரிப் பாதுகாப்புப் பிரிவுக்கு நான் தலைவராக வந்த நாளிலிருந்து அதன் நீர்மட்டம் ஒரு விரற்கடைகூடக் குறைந்ததில்லை. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்ல முன்வராததால் நானே சொல்கிறேன்.

எல்லாப் புகழும் ஓர் இரும்புக் கோலுக்கே. வெள்ளை வண்ணம் அடித்து, மேலே சிவப்புக் கோடு போட்டு, ‘நிறைவு’ என்று எழுதியிருக்கும். அது கரையோரத் தண்ணீரில் நிற்கும். சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் ஏரி நிறைந்திருக்கிறது என்று பொருள். நான் வந்த முதல் கோடையில் தண்ணீர் தள்ளிப் போய், கோல் வெடித்த சேற்றில் தன்னந்தனியாக நின்றது. உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன்.

“குளிர்பான ஆலை எடுக்கற தண்ணிய கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமே சார்” என்றார் உயிரியலாளர். தவளைகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குத் ‘தவளையார்’ என்று பெயர்.

“ஆலையும் இந்தச் சூழலமைப்புல ஓர் உயிர்தான். தண்ணி குடிக்காதேன்னு சொல்ல நாம யாரு?”

“அப்ப தவளை?”

“தவளை மனு குடுத்திருக்கா?”

கொடுக்கவில்லை. ஆலை கொடுத்திருந்தது.

பொறியாளர்தான் வழி கண்டுபிடித்தார். “சார், தண்ணி கோலை விட்டுப் போயிடுச்சு. கோல் தண்ணிகிட்ட போனா என்ன குறைஞ்சிடும்?”

நான் எழுந்து நின்று கைதட்டினேன். இயற்கை மாறும்போது நிர்வாகமும் கூடவே மாற வேண்டும் என்பதுதான் ‘தகவமைப்பு மேலாண்மை’. அன்று மாலையே கோலைப் பிடுங்கி, தண்ணீர் இருந்த இடத்தில் வைத்து, சிவப்புக் கோடு நனையும்வரை சம்மட்டியால் அடித்து இறக்கினோம். ஏரி நிறைந்தது. லட்டு இல்லாத குறையாக எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டோம்.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் ‘கோல் நகர்வுப் பணி’ தவறாமல் நடந்தது. மீன்கள் செத்து மிதந்த ஆண்டில் அதற்கு ‘எண்ணிக்கைச் சீரமைப்பு’ என்று பெயர் வைத்தோம். பறவைகள் வராமல் போனபோது அவற்றின் பயண உரிமையில் நாங்கள் தலையிடவில்லை.

அலுவலக வாசலில் பெரிய பலகை வைத்தேன்: ‘ஏரியை அடுத்த தலைமுறைக்கு அப்படியே ஒப்படைப்போம்.’

தவளையார் அதையும் விடவில்லை. “அப்படியேன்னா எப்படி சார்?”

“இன்னிக்கு இருக்கற மாதிரியே.”

“எந்த இன்னிக்கு சார்?”

அவரை நூலகத்துக்கு மாற்றினேன். நல்ல மனிதர், ஆனால் நீண்டகாலப் பார்வை போதாது.

இந்தக் கோடையில் கோல் ஏரியின் நட்டநடுவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் போக இடமில்லை. அந்த வாரமே குளிர்பான ஆலை எங்களுக்கு ‘நிலைத்த நீர்நிலை’ விருது அறிவித்தது. மேடையில் கேடயம் கொடுத்தார்கள், ஆலையின் குடிநீர் பாட்டில் ஒன்றும் கொடுத்தார்கள். பாட்டில் மேல் எங்கள் ஏரியின் படம், பழைய படம், கரை தளும்பத் தளும்ப. அடுத்த தலைமுறையைப் பற்றி நெடுநேரம் பேசினேன். முன்வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கேடயமும் பாட்டிலுமாக வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கு ஏரித் தண்ணீர்தான். மனைவி சமையலறைக் குழாயடியில் காலிக் குடத்துடன் நின்றிருந்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் உள்ளே குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“காலையிலேர்ந்து குழாயில வெறும் காத்துதான் வருது. புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மேல ஊத்த ஒரு சொட்டுத் தண்ணி இல்ல” என்றாள் மனைவி.

“அதெப்படி? ஏரி நிறைஞ்சிருக்கே! காலையிலகூட அளந்தோமே!”

“அந்தக் கோலைக் கொண்டாந்து இந்தக் குடத்துல நட்டு வைங்க. இதுவும் நிறைஞ்சிடும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் கோபம்தான் வந்தது. விருது வாங்கிய கை இன்னும் சூடு ஆறவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளே போய்ப் பேத்தியைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள். குழந்தை அழுது அழுது முகம் சிவந்து கிடந்தது. அந்தச் சின்ன முதுகு முழுக்கச் செக்கச்செவேலென்று பொரிந்திருந்தது. அப்போதுதான் வெட்கம் வந்தது.

“அடுத்த தலைமுறை வந்திருக்காங்க” என்றாள் மனைவி. “ஒப்படைங்க.”

வேறு வழியில்லாமல் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

பாதிதான் இருந்தது. மீதியை, அடுத்த தலைமுறைக்காகப் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, மேடையிலேயே நான் குடித்துவிட்டிருந்தேன்.