ஏர்போர்ட்டின் உருண்டை

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமல் உலகம் முழுக்கப் பறந்தவர் எங்கள் ஏர்போர்ட்டு ஒருவர்தான். விருத்தாசலத்தில் நான் கணக்கு எழுதிய பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவர் சூளை பார்த்தார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

ஒரே மகள் கல்யாணமாகி டொராண்டோ போனதும், மனிதர் பூசணிக்காய் அளவுக்குக் களிமண் உருண்டை பிடித்து, அதில் உலகத்தை வரைந்து, சூளையில் சுட்டு எடுத்துவிட்டார். இலங்கை கொஞ்சம் பெருத்துப்போய்ச் சென்னையை இடித்துக்கொண்டு நின்றது. கேட்டால், "பக்கத்து வூடுன்னா இடிக்கத்தான் செய்யும்" என்பார். ஊருக்கு ஊர் நூல் வைத்து, நூலை விரலால் அளப்பார். விரற்கடைக்கு ஒரு மணி நேரம், அதுதான் அவர் கணக்கு.

பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிய மங்கலம்பேட்டைத் தாய்மார்கள் அவரைத் தேடி வருவார்கள். "துபாயா? நாலு விரக்கடைதாம்மா. கடலூரு போயிட்டு பஸ்ஸு புடிச்சி திரும்பறதுக்குள்ள புள்ள வந்துடும்." அழுதுகொண்டு வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

போன வருஷம் அவர் மனைவி தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் அங்கே விமானம் ஏறிவிட்டாள் என்றதும் ஏர்போர்ட்டு நூலை எடுத்தார். "ஒன்றரை சாண், பதினெட்டு விரக்கடை. நாளைக்கு மத்தியானம் அம்மா மூஞ்சிய பாத்துடும்."

மத்தியானம் போனது. நூலுக்கு நடுவழியில் இறங்கி வேறு விமானம் மாறுவது தெரியாது. அங்கே அடுத்த விமானத்தைத் தவறவிட்டுவிட்டு மகள் போனில் அழுதாள். இங்கே ஐஸ் பெட்டியைச் சுற்றி முணுமுணுப்பு கிளம்பியது.

"பெத்தவளப் பாக்க வர இவ்வளவு நேரமா?"

"பொழுது சாயுதுங்க. இனிமே வச்சிருக்கக் கூடாது" என்றார் அவர் மைத்துனர்.

ஏர்போர்ட்டு உள்ளே போய் உருண்டையைத் தூக்கி வந்தார்.

"பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. இது சுட்ட உருண்டை. சூளையில சுருங்கிப்போயி தூரத்த கம்மியா காட்டிட்டுது. தப்பு என்னுது."

கூடியிருந்த பாதிப் பேர் மண்ணில் பிழைப்பவர்கள். சுட்டால் சுருங்கும் என்பதை எப்படி மறுப்பார்கள்? எழுந்து பாடை கட்டப் போனார்கள். அவரே கொள்ளி வைத்தார். மறுநாள் காலையில் வந்த மகளுக்கு வெறும் ஐஸ் பெட்டிதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு ஏர்போர்ட்டு சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிக்க ஆரம்பித்தார். முதலில் தேங்காய் அளவு, அப்புறம் ஆரஞ்சு. கடைசியாகச் சுட்டது எலுமிச்சம்பழம்தான். அதில் ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் ஆள்காட்டி விரல் வைத்துப் பிடிப்பார். இந்த விரல் நம்ம ஊர், அந்த விரல் மகள் ஊர். புத்தி பேதலித்துவிட்டது என்று கம்பெனியில் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எனக்கும் ஒன்று கேட்டு வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். என் பையன் மெல்போர்னில் இருக்கிறான். ஏர்போர்ட்டு நூல் வைத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப கிட்டதான் சார் இருக்குது" என்றார்.

நம்பினேன்.