கோவிந்தாபுரத்தில் எல்லோருக்கும் காது கேட்டது

தெரிந்த பாடத்தை மறுபடி படிக்கச் சொன்னால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். இந்த வியாதியால் என் வேலையே போகப் பார்த்த கதையை என் வீட்டார் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

எழுபதுகளின் நடுவில் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் வேலை பார்த்தேன். படித்துவிட்டு வந்து மூன்றாவது வருஷம். காதைப் பற்றி எனக்குத் தெரியாதது இனிமேல் யாராவது கண்டுபிடித்தால்தான் உண்டு என்ற நினைப்பு. (தலைக்கனம்னா அப்படி ஒரு தலைக்கனம்!) ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். பத்து நாள் மறுபயிற்சிக்குப் போக வேண்டும். அது முடிந்ததும் ஒரு கிராமத்தில் பத்துப் பேருக்குக் காது சோதித்துக் காட்டி, மேற்பார்வை டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் வேலை நிரந்தரம் ஆகாது. அந்த நிரந்தரத்தை நம்பித்தான் என் அம்மா ஊரெல்லாம் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்.

பயிற்சியின் முதல் வகுப்பில் சொன்ன முதல் விஷயம்: எந்தக் கருவியையும் முதலில் உன் காதில் வைத்துக் கேள், பிறகு அடுத்தவர் காதில் வை. இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மணியடித்தபோதுதான் விழித்தேன்.

எனக்கு விழுந்த கிராமம் கொல்லங்கோட்டுப் பக்கம், தமிழ் பேசும் எல்லையூரான கோவிந்தாபுரம். பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு, வந்திருப்பது பெரிய டாக்டர் என்று நினைத்து, தரை வரை தொங்கும் பூப்போட்ட விரிப்பும் விரித்திருந்தார்கள். கருவிப் பெட்டியை அதன்மேல் வைத்தேன். ஹெட்போன் வயர் குறுக்கே கிடந்தால் அசிங்கமாக இருக்குமே என்று விரிப்புக்கு அடியில் விட்டேன். சுவிட்சைப் போட்டதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது போதாதா?

முதலில் உட்கார்ந்தவர் பஞ்சாயத்து மெம்பர் பொன்னுச்சாமி. "சத்தம் கேட்டா விரலைத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். சத்தத்தைக் குறைத்தேன், தூக்கினார். இன்னும் குறைத்தேன், அதற்கும் தூக்கினார்.

"நல்லாக் கேட்டுச்சுங்களா?"

"அருமையாக் கேட்டுச்சுங்க. எங்கூட்டு ரேடியோவ விடத் தெளிவுங்க."

அடுத்து வந்த எட்டுப் பேரும் அதே மாதிரி. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று அட்டை அட்டையாக வரைந்து தள்ளினேன். வௌவாலுக்கும் அப்படிக் காது இருக்காது. கொல்லங்கோட்டுக் காற்றின் மகிமை பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

பத்தாவதாக வந்தவர் பால்வாடி டீச்சர் சரஸ்வதி. கையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் கூட்டினேன். கடைசி வரை கூட்டினேன். விரல் எழவில்லை.

"ஒண்ணுமே கேக்கலீங்க" என்றார்.

எனக்கு மனசு கனத்துவிட்டது. அவர் காதருகே குனிந்து, "எத்தனை வருஷமா இப்படி?" என்று அலறினேன்.

"ஏனுங்க கத்தறீங்க? நீங்க பேசறது நல்லாத்தானுங்க கேக்குது."

பாவம், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்! அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பெயரைக் கேட்டேன். "சரஸ்வதிங்க" என்றார். எதிர்பார்த்துச் சொல்லியிருப்பார் என்று முடிவுகட்டி, 'இரு காதுகளும் அறவே கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு அவரிடமே கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் ஜீப் வந்து நின்றது. மலையாளத்துக்காரர், சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர். என் அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. ஹெட்போனை எடுத்துத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டார்.

"சத்தம் கொடு."

"கொடுத்துட்டேன் மேடம்."

"கூட்டு."

"இதுக்கு மேல கூட்ட முடியாது மேடம்."

அவர் வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனார். விரிப்பைத் தூக்கினார். வயரின் மறுமுனை மேஜைக்காலருகே நிம்மதியாகப் படுத்துக் கிடந்தது. பெட்டியில் சொருகவே இல்லை.

சோதனை முடிந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றிருந்தார்கள். நான் பொன்னுச்சாமியைப் பார்த்தேன். "ஏனுங்க, அப்புறம் எதுக்கு விரலைத் தூக்கினீங்க?"

அவர் நெளிந்தார். "அத்தன தூரம் பொட்டியத் தூக்கிட்டு வந்திருக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா ஒண்ணுங் கேக்கலைன்னு எப்பிடிங்க சொல்றது? மனசு சங்கடப்பட மாட்டீங்களா?"

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. நான் பிறந்தது பக்கத்தில் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்தான். எங்கள் வீட்டிலும் விருந்தாளி முகத்துக்கு நேராக 'இல்லை' என்ற சொல்லைச் சொல்ல மாட்டோம். இது தெரிந்த நானே ஏமாந்தேன்.

டாக்டரம்மா சரஸ்வதியைக் காட்டி, "இவிடே சத்தியம் பறஞ்ஞது இந்தக் குட்டி மாத்ரம்" என்றார். இங்கே உண்மை சொன்னது இந்தப் பெண் மட்டும்தானாம். கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பத்து நாள் பயிற்சிக்கு மறுபடியும் போனேன். முதல் வகுப்பில் கண்ணைக்கூட இமைக்கவில்லை. மறுபடியும் கோவிந்தாபுரம் போய், ஒவ்வொரு முறையும் என் காதில் வைத்துக் கேட்ட பிறகே அவர்கள் காதில் வைத்தேன். பொன்னுச்சாமிக்கு நிஜமாகவே இடது காது மந்தம். சரஸ்வதிக்குக் காது பழுதில்லை. "இந்தத் தடவ சொருகீட்டீங்களா?" என்று அவர் கேட்டதை ஊரே கேட்டது. கையெழுத்துக் கிடைத்தது, வேலை நிரந்தரமானது, அம்மா பெண் தேடுவதை நிறுத்தினார். அந்த மூன்றாவது காரியத்துக்கும் காரணம் சரஸ்வதிதான்.

நான் எழுதிக் கொடுத்த அந்த முதல் அட்டை இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. நான் ஏதாவது குறை சொல்ல வாயெடுத்தால், "எனக்குத்தான் ரெண்டு காதுமே கேக்காதுங்களே, நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க" என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

போன மாதம் எனக்கே காதுக் கருவி மாட்ட வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகள் சுற்றி நிற்க, அவள்தான் மாட்டிவிட்டாள். "கேக்குதுங்களா?" என்று ஆசையாக முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது? "அருமையாக் கேக்குது. ரேடியோவ விடத் தெளிவு" என்றேன்.

அவள் மூடியிருந்த கையை விரித்துக் காட்டினாள். கருவிக்குள் போட வேண்டிய பேட்டரி உள்ளங்கையில் இருந்தது.